வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர்

ஜூன் 9, திங்கள்

வெயில். காற்று வேறு, கண்ணெல்லாம் மண். லேபில் பதினோரு மணிக்கே ரத்த சாம்பிள் குவிந்துவிட்டது. மத்தியானம் சுபாவிடமிருந்து மெயில். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற நான் போட்ட பி.ஆர். விண்ணப்பத்துக்கு இன்னும் காகிதம் வேண்டுமாம். கல்யாணம் உண்மையா என்று பார்க்கிறார்கள்.

கேட்டவை:
– போட்டோ (குடும்பத்தாரோடு)
– வாட்ஸ்அப் பேச்சு, போன் பட்டியல்
– சுபா அங்கே குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம்

சுபாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் அங்கே நர்ஸ்; என்னைக் கூப்பிட்டுக்கொள்ளும் ஸ்பான்சரும் அவள்தான். லீவில் வந்தபோது சேர்ந்து இருந்தது மொத்தம் எழுபத்தோரு நாள். இன்றுதான் எண்ணினேன். அதிகாரியும் எண்ணுவான்.

ஜூன் 10, செவ்வாய்

வாட்ஸ்அப் பிரிண்ட். அம்மா மண்டபம் ரோட்டுக் கடை. கடைக்காரர் தாளை அடுக்கிக்கொண்டே, "சார், பக்கத்துக்குப் பக்கம் 'சாப்டியா'தான் இருக்கு," என்றார். சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் சுபா ஒப்பந்தத்தை அனுப்பினாள். வாடகைதாரர் இரண்டு பேர். அவள் பெயர். கீழே டேனியல் என்று ஒருவன். தனியாக இருக்கிறேன் என்றுதானே சொல்லியிருந்தாள்.

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஜூன் 12, வியாழன்

ஆறரைக்கு வீடியோ கால். அவளுக்குக் காலை. வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். என்ன, இன்ஸ்பெக்ஷனா என்று சிரித்தபடி காட்டினாள். கதவருகே பெரிய பூட்ஸ், ஆம்பளை சைஸ். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். அப்புறம் பத்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். கேவலம்தான். இருந்தாலும்.

பால் வாங்க மறந்தாச்சு.

ஜூன் 14, சனி

உறையூர், அக்கா வீடு. பஸ்ஸில் எல்லாரும் காவிரித் தண்ணீர் பேச்சு. அக்காவிடம் சொன்னேன். பைத்தியமாடா உனக்கு என்று திட்டுவாள் என்றிருந்தேன். திட்டவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எதுக்கும் விசாரிச்சு வைடா," என்றாள். என் சந்தேகம் அவள் வாயில் வந்ததும் கோபம். சரியாகச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சுபா கூப்பிட்டாள். இன்று டேனியலைப் பற்றிக் கேட்டுவிடுவது என்றிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். குடியேற்ற அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதமாம். எந்த நாடாவது விசா மறுத்ததா என்ற கேள்விக்கு நான் 'இல்லை' என்று போட்டிருக்கிறேன். எட்டு வருடம் முன்னால் ஆஸ்திரேலியா மறுத்தது அவர்கள் பதிவில் இருக்கிறது.

இருக்கிறதுதான். அவளிடம்கூடச் சொன்னதில்லை. படிவம் நிரப்பிய ஏஜெண்ட், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். நானும் சரி என்றேன்.

பொய் என்று முடிவானால் ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது.

"நீங்க எழுதினது உண்மைன்னு நம்பித்தாங்க என் பேப்பரோட சேத்து அனுப்பினேன்," என்றாள்.

பதிலுக்கு, "டேனியல் யாரு?" என்று கேட்டேன்.

நிதானமாகச் சொன்னாள். ஊருக்குப் புதியவள் என்று யாரும் வீடு தரவில்லை. கூட வேலை பார்க்கும் சீனியர் நர்ஸின் கணவர் டேனியல் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள்கூட அங்கே தங்கியதில்லை. பூட்ஸையும் கேட்டேன், அவளுடையதாம். தள்ளுபடியில் அந்த சைஸ்தான் கிடைத்தது, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்வாளாம்.

"கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

நம்பினேன். முக்கால்வாசி. மீதி கால்வாசி எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஏஜெண்ட் ஆபீஸ், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம். "மறந்துட்டேன்னு எழுதிக் குடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க." சுபாவிடம் சொன்னேன். இன்னொரு பொய் எழுதினால் ஸ்பான்சராக இருப்பதிலிருந்தே விலகிக்கொள்வேன் என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயம்.

ஜூன் 18, புதன்

லேபுக்கு லீவு. உட்கார்ந்து எழுதினேன். மறக்கவில்லை, மறைத்தேன். பெண் பார்க்கப் போனபோது விசா கிடைக்காமல் தோற்றவன் என்று தெரிந்தால் வேண்டாம் என்பார்களோ என்று பயம். பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரைப் பக்கம். நாலு தடவை கிழித்தேன்.

சாயங்காலம் சுபா படித்தாள். இரண்டு இடத்தில் இங்கிலீஷ் தப்பைத் திருத்தி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். அவர்கள் என்ன முடிவு செய்வார்கள், தெரியாது.

"வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை.

"அதை நான் எப்படிங்க நம்புறது?"

அவள் போனை வைக்கவில்லை. நானும்.