தையல் மெசின் பைலா

2016 ஜனவரி 28, வியாழன். பி.ப 4.10.

இதுவரை கீபோர்ட்டில் முயன்ற ஸ்நேர் ட்ரம் சத்தம் பதினாலு. ஒன்றும் சரியில்லை. காற்று விழுந்துவிட்டது. மீன்வாடிக்குள் தகரம் கொதிக்குது, பழைய கருவாட்டு மணம் வேறு.

ஒத்திகைக்கு அத்தான் வரவில்லை. மூன்றாவது வியாழன். அவர் இல்லாமல் ட்ரம் இல்லை, ட்ரம் இல்லாமல் பைலா ஆட்டம் இல்லை. நாங்கள் வாசிக்க வேண்டிய எத்தாளைக் கலியாணம் பெப். 6, சனி. தவக்காலம் தொடங்க முன் கடைசிச் சனி என்பதால் கரையோரம் முழுக்க அன்றைக்குத்தான் கலியாணம். வேறு ட்ரம்காரன் ஒருத்தனும் கிடைக்கமாட்டான்.

வலைநூல் வாங்க சிலாபம் போனாராம். அக்கா சொல்கிறாள். அத்தான் கடலட்டை பிடிக்க முழுகுகிறவர். அவருக்கு எதற்கு நூல்? கற்பிட்டியில் இல்லாத நூலா?

போன மாதம் சிலாபத்தில் ஒரு குழுவின் ட்ரம்காரன் இத்தாலிக்குப் போனான். அவர்கள் ஆள் தேடுகிறார்கள். கணக்கு நன்றாய்ப் பொருந்துது.

ஆகவே கீபோர்ட்டிலேயே ட்ரம் செய்து வைப்பது. சத்தமில்லாமல். கடைசி நேரம் கைவிட்டால் ஒரு பட்டன், அவ்வளவுதான்.

ஆனால் செய்தது தையல் மெசின். றொஷான் (இனி றோ.; கிற்றார், பாட்டு, என்னோடு டெக்னிக்கல் கொலீஜில் படித்தவன்) ஒரு நிமிடம் கேட்டான்.

"மச்சான், இது பைலாவோ, மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைக்குதோ?"

ஜன. 29, வெள்ளி

வெயில். பாண், சம்பல். பிறகு முழுநாளும் கீபோர்ட்.

காரணம் பிடிபட்டது. எல்லா அடியும் ஒரே பலம், கயிறு பிடித்த மாதிரி ஒரே இடைவெளி. மனிதன் அப்படி அடிக்கமாட்டான். செய்தவை:

– தானாக நேரம் திருத்துகிற வசதி நிறுத்தம். விரலால் அடித்துப் பதிந்தேன். கொஞ்சம் பிந்தட்டும், முந்தட்டும்.
– ஸ்நேருக்கு இரண்டு கட்டை. ஒன்று வலக்கை, மற்றது இடக்கை. இடது கொஞ்சம் மெல்ல.
– எதிரொலி முழுக்க வெட்டு. எத்தாளை மண்டபமே தேவைக்கு மேல் எதிரொலிக்கும்.
– மனிதனுக்கு இரண்டு கை. நான் ஸ்நேரை இரு கையாலும் உருட்டுகிற இடத்தில் ஹை-ஹாட் தட்டும் கேட்குது. மூன்றாவது கை யாருடையது? எடுத்தேன். உடனே உயிர் வந்தது.
– கிக் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம்) சத்தம் கீபோர்ட்டின் சொந்த ஸ்பீக்கரில் டின் தட்டுவது போல. பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு மாற்றினேன். நல்லம்.

ஸ்நேர் மட்டும் இன்னும் பொய். உண்மையான ஸ்நேர் ஒன்றைப் பதிந்து உள்ளே ஏற்ற வேண்டும். ஊரில் இருப்பது அத்தானுடையது ஒன்றுதான்.

பின்னேரம் அக்கா வீடு. டிவி சத்தம் சந்திவரை. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். அத்தானுக்கு இப்ப அப்படித்தான் வேணுமாம். சிலாபத்தோடு ஃபோனில் கதைப்பதை மறைக்க இது நல்ல வழி.

ஏன் கடலுக்குப் போகவில்லை என்று கேட்டதற்குத் தண்ணி கலங்கல் என்றார். மற்ற வள்ளமெல்லாம் போய் வருது. அவர்களுக்கு மட்டும் தெளிந்த தண்ணியா?

ட்ரம் ஸ்டிக் இரண்டும் அலுமாரிக்கு மேல். தூசி. சிலாபத்தில் வேறு சோடி வைத்திருப்பார்.

ஜன. 31, ஞாயிறு

பூசை. அத்தான் வழமையாய் இருக்கிற வாங்கில் இல்லை. இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போய் இருந்தார். யாருக்கு ஒளிக்கிறார்?

பின்னேரம் ஒத்திகைக்கு வந்தார். ஸ்நேர் காலடியில் துவாய்க்குள் என் ஃபோன். மேலே தகரச் சட்டத்தில் றோ.வின் ஃபோன். கிட்டச் சத்தம் ஒன்று, அறைச் சத்தம் ஒன்று. இரண்டையும் கலந்தால்தான் உண்மை மாதிரி வரும்.

மூன்று பாட்டில் தாளத்துக்குப் பிந்தி நுழைந்தார். வேண்டுமென்றே? மற்றவர்களோடு அடித்துப் பழகினால் எங்கள் வேகம் மறந்துபோகும்தானே.

துவாய் வழுகிவிட்டது. ஃபோனைக் கண்டார்.

"இது என்ன என்ர கால்மாட்டில?"

சார்ஜ் இல்லை, சும்மா வைத்தேன் என்றேன். அந்த மூலையில் பிளக்கே இல்லை. துவாயை எடுத்து அதன் மேலேயே போட்டார். பிழை இல்லாதவன் ஏசியிருப்பான்.

பெப். 2, செவ்வாய்

அத்தானின் ஸ்நேர் இப்போது கீபோர்ட்டுக்குள். மெல்லியது, நடு, பலம், விளிம்பு, நாலு விதம். கட்டையை எவ்வளவு பலமாய் அமத்துகிறேனோ அதற்கேற்றது வரும்.

றோ. வெளியே வள்ளத்தடியில் இருந்தான். நான் உள்ளே வாசித்தேன். ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

"அத்தான் எப்ப வந்தவர்?"

கீபோர்ட்டைக் காட்டினேன். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்படியெண்டால் சனிக்கிழமை அவர் எதற்கு என்றான். பிந்தி நுழைகிற மனிதனை விட இது மேல். ட்ரம் செட் ஏற்றி இறக்கத் தேவையில்லை. வெள்ளி முடிவு சொல்வோமாம். நான் ஓம் என்றேன். யோசிக்காமல்.

அவர் கைவிட்டால் பாவிக்கத்தான் இதைத் தொடங்கினேன், அவரை விலக்க இல்லை.

பெப். 4, வியாழன். சுதந்திர தினம்

சந்தியில் கொடி. கடை பாதி பூட்டு. அத்தான் இன்று சிலாபம் போகவில்லை. அரசாங்க லீவுக்கு எந்தக் குழு லீவு விடும்? லீவு நாளில்தானே அவர்களுக்கு வேலை. இடிக்குது.

அவருடைய தாளம் எவ்வளவு முந்துது பிந்துது என்று அளந்து கீபோர்ட்டில் போடலாமென்று ஞாயிறு பதிவை லெப்டொப்பில் விரித்தேன். மேலே கிற்றார் அலை, கீழே ட்ரம் அலை.

பிந்தின மூன்றும் றோ. வாயால் எண்ணித் தொடங்கிய பாட்டு. நான் தலையாட்டித் தொடங்கியவை அச்சொட்டாய்ப் பொருந்துது. கடைசி இரண்டும் றோ. வாயால் எண்ணியவைதான், ஆனால் அவையும் அச்சொட்டு. ஏன்? அப்போது தகர ஓட்டையால் வெயில் கண்ணில் குத்துது என்று றோ. மற்றப் பக்கம் மாறி இருந்தான்.

றோ. அத்தானின் இடப்பக்கம்: பிந்தல். வலப்பக்கம்: சரி.

மூன்று தரம் பார்த்தேன். டிவி. கோயிலில் இடது சுவர். அரசாங்க லீவு.

நேரே அக்கா வீடு. அவள் கிணற்றடியில். அத்தான் முற்றத்தில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்கம் நின்று சாதாரணமாய்ச் சொன்னேன்.

"அத்தான், வீடு எரியுது."

டியூபை உரசிக்கொண்டே இருந்தார். வலப்பக்கம் போய் அதைவிட மெல்ல, தேத்தண்ணி இருக்கா என்றேன்.

"அக்காட்டக் கேள்" என்றவர் என் நிழல் பக்கம் மாறினதைக் கண்டு தலை நிமிர்ந்தார். விளங்கிவிட்டது. கிணற்றடியைத்தான் முதலில் பார்த்தார்.

"அவளுக்குச் சொன்னியா?"

"இல்லை. எனக்கே இப்பதான் தெரியும். சிலாபத்தில என்ன?"

"காதுக் கிளினிக். வியாழனில. இண்டைக்கு லீவு."

மார்கழியில் ஆழத்தில் வைத்து இடக்காதுக்குள் வெடித்ததாம். இரத்தம். யாருக்கும் சொல்லவில்லை. புத்தளத்துக்குப் போனால் தெரிந்த ஆள் காணும் என்று சிலாபம். இனி முழுகக் கூடாது என்று டொக்டர். அக்காவுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் தலவில கோயில் அன்னம்மாளுக்கு நேர்த்தி வைப்பாளாம், நேர்த்தி வைத்தால் ஊருக்கே தெரியுமாம். அதுவும் உண்மைதான்.

"ஞாயிறு ஃபோன் எதுக்கு வைச்சனீ எண்டு எனக்குத் தெரியாதோ? என்ர அடியைப் பிடிச்சு கீபோர்ட்டுக்குள்ள போடத்தானே. காதுதான் போனது தம்பி, கண் கிடக்கு. கடல் வேணாம் எண்டு டொக்டர். ட்ரம் வேணாம் எண்டு நீங்கள். அப்ப நான் ஆர், வீட்டில கிடக்கிற கதிரையோ?"

நான் சிலாபம் குழுவைப் பற்றிச் சொன்னேன். டியூபைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் குழுவுக்குத் தாளமே தெரியாது, அவர்களோடு என்னைச் சேர்த்தாயே என்றார். அதற்குத்தான் உண்மையாய்க் கோபம்.

பெப். 5, வெள்ளி

நாளைக்குக் கலியாணம். விடியப் பனி, பிறகு வெயில்.

றோ.விடம் காது விஷயம் சொன்னேன். அத்தானிடம் கேட்டுத்தான் சொன்னேன். பாவம்தான், ஆனால் மற்றவன் வீட்டுக் கலியாணத்தில் வைத்தா சோதனை செய்வது என்றான். அவன் பக்கமும் நியாயம். ஒரு மணித்தியாலம் தா என்றேன்.

பேஸ் பெட்டியை அத்தானின் ஸ்டூலுக்குப் பின்னால் ஒட்டி வைத்தேன். கீபோர்ட்டில் நான் செய்த கிக் மட்டும், மிக மெல்ல, அந்தப் பெட்டிக்கு மட்டும். முன்னால் நிற்பவனுக்குக் கேட்காது.

அடித்துப் பார்த்தார். பிறகு, "முதுகில ஆரோ தட்டிச் சொல்லுற மாதிரி."

ஐந்து பாட்டு. பதிந்து அளந்தேன். ஒன்றும் பிந்தவில்லை. றோ. அலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சரி வரட்டும், ஆனால் பட்டனில் விரல் இருக்கட்டும் என்றான். அத்தானின் வலப்பக்கம் நின்று சொன்னான், மடையன். கேட்டிருக்கும்.

இனிச் செய்வது:

1. றோ. மேடையில் அத்தானுக்கு வலப்பக்கம். காரணம் கேட்டால் ஃபேன் காற்று.
2. பாட்டுத் தொடங்குவது என் தலையாட்டலில். வாயால் எண்ணுவது இல்லை. றோ. மறப்பான். பார்த்துக்கொண்டே இருப்பது.
3. பெட்டி ஸ்டூலோடு ஒட்டி. வயரைக் கால் தடக்காமல் ஒட்டுவது.
4. பட்டனில் விரல் வைப்பதில்லை.
5. அக்காவுக்கு அவரே சொல்ல ஞாயிறு பூசை வரை நேரம். அதற்குப் பிறகு நான் சொல்வேன். நேர்த்தி வைத்தால் வைக்கட்டும்.
6. வரும் வியாழன் சிலாபம் பஸ்ஸில் நானும். கிளினிக் கார்ட்டைக் கண்ணால் காணும்வரை முழுதாய் நம்புவதில்லை. சீட் அவருக்கு வலப்பக்கம் பிடிப்பது.