அப்பா யாருக்கும் காட்டாத பன்னிரண்டு வார்த்தைகள்

காணை,
ஆவணி 14, ஞாயிறு.

அன்புள்ள மகன் பூவரசனுக்கு அம்மா கெங்கம்மாள் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரைதான் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஜெர்மனியில் நீயும் கவிதாவும் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். திண்டிவனத்தில் உன் தங்கச்சி அம்சாவும் மாப்பிள்ளையும் சுகம். மேற்கு வயலில் மல்லாட்டை பிடுங்கியாயிற்று, கடலைக்காய் சுமார்தான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ குறுக்கே விழுகிறாய். கடுதாசியில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கப்பா பேரில் பேங்கில் கிடந்த நாலு லட்சம் போன வாரம் என் கைக்கு வந்துவிட்டது. மனுஷன் நாமினி போடாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசு சான்றுக்காக விழுப்புரத்துக்கு ஆறு தடவை அலைந்தேன். ஆதாரில் கங்கம்மாள் என்று இருக்கிறதாம், அதற்கு ஒரு நடை. பேஜாராகி ஒரு நாள் பேங்கு மேனேஜர் மேசை முன்னால் நின்று, “எம் புருசன் வேர்வ சிந்துன காசும்மா, நான் என்னா பிச்சையா கேக்கறேன்” என்று கத்தியே விட்டேன். அந்தம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, “ஒரே ஒரு கையெழுத்துதாம்மா பாக்கி, வாங்கிக்கினு வாங்க, நானே முடிச்சுத் தர்றேன்” என்றாள். சொன்னபடி முடித்தும் கொடுத்தாள்.

ஆனால் ஆலையில் முப்பத்தொரு வருஷம் உழைத்து ரிட்டயர்டானபோது வந்த ஆறு லட்சம் எங்கே? “பத்து வருசத்துல ரூபாயே இருக்காதுப்பா, ஒலகம் பூரா காயின்தான்” என்று, போனுக்குள்ளேயே இருக்கிற அந்தக் காயினில் நீதான் போட வைத்தாய். அதைத் திறக்கப் பன்னிரண்டு வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லி, “யாருக்கும் காட்டாதப்பா, அம்மாவுக்குக்கூட” என்றும் நீதான் சொன்னாய். அடுப்படியில் என் காதில் விழுந்தது. நீ சொன்ன சொல்லை அவர் எதில் தட்டினார், இதில் தட்ட? அவர் போனில் போடும் ரகசிய எண்ணும் அவரோடு போயிற்று. அந்தக் காகிதத்துக்காக அரிசி டிரம்மைக் கவிழ்த்தோம், தலையணையைப் பிரித்தோம், எங்கள் கல்யாணப் போட்டோவின் சட்டத்தைக்கூடக் கழற்றினோம். கருமாதிக்கு வந்த நீயும் அவர் சட்டைப் பைகளையெல்லாம் துழாவினாய். கடைசியில் அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, “இதுக்குன்னு ஆபீசு கெடையாதும்மா, கேக்கவும் ஆளு கெடையாது” என்றாய். காசு எங்கேயும் போகவில்லை, விலைகூட ஏறியிருக்கிறது என்று வேறு சொன்னாய். அன்றைக்கே உன்னை அறைந்திருக்க வேண்டும், வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் விட்டேன்.

இப்போது இந்த நாலு லட்சத்தையும் அதிலேயே போடச் சொல்கிறாய். “கவர்மெண்டு நோட்டு வெறும் காகிதம், ஒரே ராத்திரியில செல்லாதுன்னாங்களே, மறந்துட்டியா” என்கிறாய். மறக்கவில்லை. விதைக்கு வைத்திருந்த காசை மடியில் கட்டிக்கொண்டு பேங்கு வாசலில் மூன்று நாள் நின்றவள் நான். அரசாங்கம் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது, திட்ட ஓர் ஆள் இருந்தான். செத்தவன் காசைப் பெண்டாட்டியிடம் சேர்க்க ஒரு சட்டம் இருக்கிறது. உன் காயினில், என் புருஷன் செத்துவிட்டான் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? ரூபாய்க்குப் பதிலாக அது ஊரையே ஆளட்டும், என் வாசலுக்கு வர வேண்டாம். பணத்தை நேற்றே போஸ்டாபீசில் போட்டுவிட்டேன். நாமினி அம்சா. உன் பேரைப் போடவில்லை, வருத்தப்பட்டால் படு.

கவிதாவுக்கு ஐந்தாம் மாதம், வெறும் ரொட்டியைக் கொடுத்துக்கொண்டிருக்காதே, கீரையும் பருப்பும் ஆக்கிப் போடு. நீ அந்தக் காயினில் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ஆனால் திறக்கிற வார்த்தைகளை இன்றைக்கே எழுதி அவள் கையில் கொடு. வாங்கிக்கொண்டேன் என்று அவள் வாயால் எனக்குப் போனில் சொல்ல வேண்டும். அதுவரை நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

மேல்மலையனூர் தாய் உங்கள் மூன்று உயிரையும் காக்கட்டும்.

உன் அம்மா,
அ. கெங்கம்மாள்