ஒரே பானைச் சோறு உண்ட இருவர்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
12 பங்குனி 2025

அன்புள்ள மகள் அனுஷியாவுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மருமகனும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அந்தக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று பத்திரகாளி அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை, எழுதக் கை வரவில்லை. உன் தம்பி திரும்பவும் ஆஸ்பத்திரியில். போன வெள்ளிக்கிழமை காய்ச்சலும் இளைப்புமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், ஒக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் வார்ட் என்றபடியால் அப்பாதான் துணைக்கு இருக்கிறார், நோயாளரைப் பார்க்கிற நேரத்தில் மட்டும்தான் என்னை உள்ளே விடுவார்கள். மத்தியானச் சோற்றைக் கொடுத்துவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சமைப்பாய், பிள்ளைப்பேறு பார்க்க வந்திருக்கும் உன் மாமி பாக்கியரத்தினம் பக்கத்தில் இருப்பா. அதனால் லீவில் வந்துவிட்டு சனிக்கிழமை கனடாவுக்குத் திரும்பும் உன் சிநேகிதி நிரோஷினியிடம் கொடுத்து விடுகிறேன், உன் கையில்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

வேறு புதினம் பெரிதாக இல்லை. அப்பாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, எண்ணெய் பூச மாட்டேன் என்று அடம். மதிலோரத்து முருங்கை போன கிழமைக் காற்றில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று கட்டைபறிச்சான் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வாடகைக்கு வந்தோம், இப்போது ஆட்டோக்கார ஸப்வான் என் முகத்தைக் கண்டாலே எங்கே என்று கேட்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புகிறான். நல்ல பெடியன், தன்னுடைய உம்மாவும் தம்பிக்காக இறைவனிடம் துஆ கேட்கிறா என்று சொல்வான்.

உனக்கு முகாம் ஞாபகம் இருக்கும். இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து மூதூரை விட்டு ஓடி, வெருகல், வாகரை என்று அலைந்து மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது உனக்குப் பத்து வயது, தம்பி கைக்குழந்தை. ஒரே கூடாரம், ஒரே பானைச் சோறு, ஒரே பவுசர் வண்டித் தண்ணீர். நீ நாள் முழுக்க மழையில் ஊறினாலும் ஒரு தும்மல் இல்லை. அவனுக்கு அங்கேதான் முதன்முதல் காதில் சீழ் வடிந்தது, பிறகு நெஞ்சுச்சளி, பிறகு கண், திரும்பவும் காது. முகாம் தண்ணீர் என்றோம். ஊருக்கு வந்தும் விடாதபோது கண்ணூறு என்று கழித்தோம். தாய்ப்பாலை நிறுத்தி மாப்பால் கொடுத்து வளர்த்த குற்றம் என்று என் தங்கச்சி சொன்னாள், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் என்று மாஸ்டர் சொன்னார், நான் எல்லாரையும் நம்பினேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் "அக்காவைப் பார், அவளும் நான் பெத்த பிள்ளைதானே" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஏதோ உனக்கு நோய் வருத்தம் வராதது உன் கெட்டித்தனம், அவனுக்கு வருவது அவன் பொறுப்பில்லாத்தனம் என்கிற மாதிரி. அவன் ஒருநாளும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன் வார்டுக்குப் புதிதாக வந்த ஒரு இளம் லேடி டொக்டர் அவனுடைய வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டொன்சிலை எந்த வயதில் வெட்டி எடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டா. வெட்டவே இல்லை என்றேன். திரும்பவும் பார்த்தா. எங்கள் எல்லாருக்கும் தொண்டையின் இரண்டு பக்கமும் இருக்கிற சதை இவனுக்கு இல்லை பிள்ளை. பதினேழு வருடமாக எத்தனை பேர் அந்த வாய்க்குள் பார்த்தார்கள், வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் இரத்தம் கொழும்புக்குப் போனது. கிருமியை எதிர்க்க உடம்பு தானாக உண்டாக்குகிற சாமான் இவனுக்குப் பிறவியிலேயே இல்லையாம். தாயிடமிருந்து வந்தது ஆறேழு மாதம் காப்பாற்றும், அதோடு சரி. தண்ணீருமில்லை, கண்ணூறுமில்லை, கள்ளமுமில்லை. மற்றவர்களுடைய இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை மாதம் ஒரு தரம் சேலைன் மாதிரி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாசி மாதம் அந்த மருந்து வந்து சேரவில்லை, அதுதான் இப்போது படுத்துவிட்டான். உன்னிடம், அவனுக்கு இரத்தத்தில் சக்தி குறைவு என்று மட்டும் சொன்னோம், மிச்சத்தைச் சொல்லவிடாமல் தடுத்தது நான். இந்த வருத்தம் தாயின் வழியாக வருவது. எங்களைப் போன்ற பெண்களுக்கு ஒன்றும் செய்யாது, நாங்கள் தெரியாமல் சுமந்துகொண்டு திரிவோம், பெறுகிற ஆண்பிள்ளையில்தான் காட்டும்.

எனக்குப் பிறகு பிறந்த இரண்டு தம்பிமாரும் சண்டையில் ஷெல் பட்டுச் செத்தார்கள் என்று உனக்குச் சொல்லித்தான் வளர்த்தோம். அது பொய். மூத்தவன் சண்டைக்கு முந்தியே நெஞ்சுச்சளியில் போனவன். இளையவன் தொண்ணூறில் காட்டுப் பக்கம் ஓடிக் கிடந்தபோது காய்ச்சலில் என் மடியிலேயே போனான், எனக்குப் பதினாலு வயது. ஒரே வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே மாதிரி வருத்தத்தில் போனார்கள் என்று தெரிந்தால் மூன்று பெட்டைகளையும் யார் கேட்டு வருவான் என்று என்னைப் பெற்ற அப்பு பயந்தார். அந்தக் காட்டில் சுற்றிவர ஊர்ச்சனம் ஒருவரும் இல்லை. ஷெல் என்று சொல்லுங்கோ, கேட்டால் எல்லாரும் அதையே சொல்லுங்கோ என்றார். அந்த நாளில் யாரும் துருவிக் கேட்கவில்லை, வீட்டுக்கு வீடு அப்படித்தானே போய்க்கொண்டிருந்தது. சனம் சிதறிப் போக, மூத்தவனின் சாவும் அதோடு சேர்ந்துவிட்டது. சண்டையில் இரண்டு பேரைக் கொடுத்த வீடு என்று எங்களை மதித்தார்கள். வருடா வருடம் விளக்கு வைத்து வைத்து எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் உன் தம்பிக்குப் பன்னிரண்டு வயதில் கிளினிக்கில் ஒரு டொக்டர் என்னிடம் நேராகக் கேட்டார், உங்களுடைய தாய் வீட்டில் ஆண்பிள்ளைகள் சின்ன வயதில் வருத்தத்தில் இறந்திருக்கிறார்களா என்று. எனக்குப் பின்னால் போட்டிருந்த வாங்கில் உன் மாமி இருந்தா. ஈச்சிலம்பற்றிலிருந்து பிரசர் மருந்தெடுக்க வந்தவ, அந்தக் கிழமைதான் மகனுக்குப் பொருத்தம் பார்க்க உன் சாதகத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தா. நான் இல்லை என்றேன். கொஞ்சம் பலமாகவே சொன்னேன், அவவுக்கும் கேட்கட்டும் என்று. டொக்டர் கொப்பியில் அதை எழுதினார், அதற்குப் பிறகு பார்த்தவர்களும் அதையே படித்தார்கள். அன்றைக்கு ஓம் என்றிருந்தால் ஐந்து வருடம் முந்தியே கண்டுபிடித்திருப்பார்கள், நுரையீரல் தப்பியிருக்கும். இப்போது வலது பக்கத்துக் கீழ்ப்பாதி பழுதாகிவிட்டது, இனிப் பழையபடி வராது என்று கொழும்பு டொக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். உனக்காகச் செய்தேன் என்று சொல்லி இதை உன் தலையில் கட்ட வரவில்லை, நீ ஒன்றும் அறியாதவள். செய்தது நான். படித்தவர்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலால் என் பிள்ளை மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறான். அம்மனுக்கு நேர்த்தி வைக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஸ்கேனில் ஆண்பிள்ளையாம் என்று நீ சந்தோசமாகச் சொன்ன அன்று நான் உடனே போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அம்மாவுக்கு விருப்பமில்லையோ என்று நீ கேட்டாயாம். ஆறு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை, விருப்பமில்லாமல் இருக்குமா. என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்கிறார்கள். வந்திருந்தாலும் பிள்ளைக்குப் போவது திரும்பவும் பாதிக்குப் பாதிதானாம். இதைக் கேட்டு என்னால் ஆறுதல்பட முடியவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பாதி எப்போதும் ஒரே பக்கம்தான் விழுந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியிடம் இதைச் சொல்லலாமா, பெற்ற பிறகு சொல்வோமா என்று இரண்டு மாதம் யோசித்துக்கொண்டே இருந்தேன். நேற்று தம்பி ஒக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக் கேட்டான், அக்காவிடம் சொல்லியாச்சா என்று. இன்னும் இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லிப்போடுங்கோ அம்மா. அவட பிள்ளைக்குக் காய்ச்சல் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம்" என்றான். அந்த இரண்டு வசனத்துக்கு அவன் எத்தனை தரம் மூச்சு வாங்கினான் என்று எனக்குத்தான் தெரியும்.

முதலில் மருமகனிடம் சொல், மாமியிடமும் சொல், நான் பொய் சொன்னேன் என்றே சொல். ஏசினால் ஏசட்டும். பிறந்தவுடனேயே இரத்தத்தில் பார்த்துவிடலாமாம், வருத்தம் இருந்தாலும் முதல் மாதங்களிலேயே மருந்தைத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடித் திரிவானாம். அங்கே மருந்து வராத மாதம் இருக்காது என்று நினைக்கிறேன். நீ அழுதுகொண்டு சாப்பிடாமல் இருக்காதே, இரும்புக் குளிசையை விடாமல் போடு, பனியில் வழுக்காத சப்பாத்து வாங்கு. தம்பிக்குப் போன் எடுத்தால் சிரித்துக் கதை, அவனைக் கதைக்க வைக்காதே.

உனக்கும் பிள்ளைக்கும் ஒரு தீங்கும் வராமல் அம்மன் காக்கட்டும், சுகமாகப் பெற்று எழும்ப என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இதை வாசித்த கிழமைக்குள் உன் டொக்டரிடம் போ. அவர் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல்லு, அம்மாவின் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் இருந்தது என்று. பெயர்களை எழுதித் தருகிறேன். தவநேசன், மூன்று வயது. யோகநேசன், ஆறு வயது. ஜதுர்சன், பத்தொன்பது வயது, இன்று மத்தியானம் நான்கு வாய் சோறு சாப்பிட்டான்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. இரத்தினேஸ்வரி