லேஸ் கையுறை

ஆகஸ்ட் 3, 2024
புலாவ் செபாங் பசாரில் தக்காளியைத் தொடப் போனேன். கடைக்காரப் பெண் முந்திக்கொண்டாள். "ஆன்ட்டி, நீங்க தொடாதீங்க லா, நான் எடுத்துத் தர்றேன்." எடுத்துக் கொடுத்துவிட்டு, வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னாள். இந்த ஊரில் சொரியாசிஸுக்கு மருந்து தெரியாதவர் தோல் டாக்டர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 11
தம்பி பரமேஸ்வரனும் அவன் மனைவி தேவமலரும் வந்தார்கள். மகள் தேவிஸ்ரீக்கு 25ஆம் தேதி கல்யாணம். 23ஆம் தேதி நலங்கு. பெண்ணுக்கு முதலில் மஞ்சள் பூச வேண்டியவள் அத்தை, அதாவது நான். தேவமலர் பையிலிருந்து ஒரு ஜோடி லேஸ் கையுறையை எடுத்து வைத்தாள்.

"இப்ப இதான் பேஷன் அண்ணி. சேலைக்கும் மேட்சிங்."

"இது ஒட்டாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும் அண்ணி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதே."

தம்பி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சரியாகத்தான் ஓடியது.

லேஸ் முழுக்க ஓட்டை. அதன் வழியாக வெளியே வரக்கூடாது என்று என் நோயிடம் யாரோ பேசி முடித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12
இவ ஃபேக்டரி ஷிப்டுக்குப் போன வருஷமெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினது யார் கை? இதே கைதானே? இதே செதில், இதே வெடிப்பு. அப்ப மட்டும் ஒட்டலையா? அப்ப மேட்சிங் பார்க்கலையா?

ஆகஸ்ட் 20
போகப்போவதில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் ஒட்டும், ஆனாலும் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

ஆகஸ்ட் 22
தேவிஸ்ரீயின் போன். "காய்ச்சலா? பொய் சொல்லாதீங்க அத்தை. கையுறைக் கதை அப்பா இப்பதான் சொன்னாரு. நீங்க வர்ற வரைக்கும் யாரையும் என் மேல கை வைக்க விட மாட்டேன்." வைத்துவிட்டாள்.

இருபது வருடத்தில் என் கையைக் கேட்டு வந்த முதல் ஆள்.

ஆகஸ்ட் 23
வெறுங்கையோடு போனேன். அவள் கன்னத்தில் மஞ்சள் பூசினேன். வெடிப்பில் எரிந்தது. "இன்னும் கொஞ்சம் அத்தை," என்று முகத்தைக் காட்டினாள். பூசினேன்.

எனக்கு அடுத்து வந்த பெண்கள் வேறு கிண்ணம் தேடினார்கள். கேட்கக்கூட விடவில்லை, தேவமலர் தயாராக வைத்திருந்தாள்.

அக்டோபர் 6
தேவமலர் ஆல்பம் கொண்டுவந்தாள். நலங்குப் படத்தில் என் கைகள் பீங்கான்போல மின்னின. புகைப்படக்காரரிடம் சொல்லி கம்ப்யூட்டரில் சரிசெய்தாளாம்.

"நல்லா இருக்குல்ல அண்ணி?"

மோதிரம் என்னுடையதுதான் என்றேன். யாருடைய விரலில் இருக்கிறது என்று கேட்கவில்லை. இத்தனை வருட மாத்திரையும் களிம்பும் செய்யாததை ஒரு கம்ப்யூட்டர் செய்துவிட்டது. டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 13
தேவிஸ்ரீ புகைப்படக்காரரிடம் கேட்டு, திருத்தாத படத்தைப் பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். போய்ப் பார்த்தேன். அவள் கன்னத்தில் என் கை, செதிலோடு. எங்களுக்குப் பின்னால் தேவமலர், மூக்கைச் சுளித்தபடி. ஆல்பத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதையும் திருத்தியிருக்கிறார்கள்.

அக்டோபர் 14
காலையிலேயே தேவமலர் போன். "நீங்க சொன்னா கேப்பா அண்ணி. அதைக் கழட்டச் சொல்லுங்க. வர்றவங்க பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

சொல்கிறேன் என்றேன்.

சொல்லப்போவதில்லை.