ஆன்சலாவின் நிறைக்கு அரிசி

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
16.06.2003

அன்பு மகள் ஆன்சலாவுக்கு அம்மா எழுதுவது. அந்தோனியாரின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இருமல் எங்கள் இருவரையும் விடச் சுகமாக இருக்கிறது. நோர்வேயில் நீயும் மருமகனும் பேரன் ஜெனுசனும் இருமலைத் தவிர்த்து மற்றபடி இதே சுகத்தோடு இருக்க மன்றாடுகிறேன். உன் கடிதம் மே பத்தாம் திகதியே வந்துவிட்டது. பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துவிட்டாள் என்று என்னை ஏசாதே, ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு குசினிக்குள் இருக்கிறேன்.

நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். நிறை நூற்றி இருபத்தொரு கிலோ, சீனி வருத்தம் வந்துவிட்டது, முழங்கால் நோகிறது, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவதால் மருமகன் பயந்து எழுப்பிவிடுகிறார், சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் மூன்று வருடம் பாடுபட்டும் இறங்கிய நிறை திரும்ப ஏறிவிட்டது, இரைப்பையைச் சின்னதாக்கும் ஒப்பரேசன் செய்யலாம் என்று டொக்டர் சொல்கிறார், யூலை முடிவதற்குள் நீ பதில் சொல்லவேண்டும். இதெல்லாம் விளங்கியது. கடைசி வரிதான் நெஞ்சில் ஏறி இருந்துவிட்டது. அம்மா வேண்டாமெண்டால் நான் செய்யமாட்டன் என்று எழுதியிருந்தாய். இவ்வளவு பெரிய பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு நீ அங்கே நித்திரை கொண்டாயா?

அன்றைக்கே ஒரு பதில் எழுதினேன். அதில் வேண்டாம் என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கிறது, அப்பா எண்ணிப் பார்த்துச் சொன்னது. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தால் மனுசன் அதைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்திருக்கிறார். கேட்டால், மறந்துபோனன் அருளம்மா என்கிறார். எந்த வலை எந்த வருடம் எங்கே கிழிந்தது என்று சொல்லக்கூடியவர் ஒரு கடிதத்தை மறந்தாராம். வாய்க்கு வந்தபடி ஏசினேன், ஆனால் திரும்பக் கைக்கு வந்த கடிதத்தை அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. இப்போது அதற்காகவே அவருக்கு இரண்டு பொரித்த மீன் கூடப் போடுகிறேன்.

நான் ஏன் அப்படி ஒற்றைக்காலில் நின்றேன் என்பதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. நாங்கள் கொக்கிளாயில் இருந்தபோது, உனக்கு ஒன்பது வயதில், நெருப்புக் காய்ச்சல் வந்து இருபத்தெட்டு நாள் கிடந்தாய். காய்ச்சல் விட்டபோது உன் கைக்காப்பு முழங்கை வரை ஏறியது. அன்றைக்கு நான் அந்தோனியாரிடம் முழந்தாளில் இருந்து, என் பிள்ளைக்குச் சதை வைக்கட்டும், வைத்ததும் அவளின் நிறைக்கு அரிசி நிறுத்து உமது திருநாளில் சனத்துக்குக் கஞ்சி ஊற்றுவேன் என்று நேர்ந்தேன். நீ எழும்பி நடந்தாய். இன்னும் கொஞ்சம் சதை வைக்கட்டும் என்று நான் ஒரு வருடம் பிந்தினேன், பிறகு ஊரைவிட்டு வந்தோம், பிறகு இடம் மாறி இடம் மாறி, பிறகு உன் கல்யாணம், பிறகு நீ வெளிநாடு. நேர்த்தி அப்படியே கிடந்தது. நீ அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் கன்னம் ஊதிக்கொண்டே வந்தது, நான் அதைக் கொண்டுபோய் ஊரெல்லாம் காட்டினேன், பக்கத்து வீட்டுத் தங்கம்மா, பிள்ளை நல்லாய்ச் செழிச்சிட்டாள் என்றால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். நான் கேட்டு வாங்கின சதை அது. அதை வெட்டிக் குறைப்பதென்றால் தந்தவரின் முகத்தில் திருப்பி எறிவது போல எனக்குப் பட்டது. உனக்கு மூச்சு நிற்கிறது என்று எழுதியிருக்க உன் அம்மா நேர்த்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, எப்படியும் முதலில் நேர்த்தியைத் தீர்ப்போம் என்று திருநாளுக்கு இரண்டு நாள் முந்தி அப்பாவோடு முத்தலிப் நானாவின் கடைக்குப் போனேன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டுப் போனவர், இப்போது புத்தளத்தில் இருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து பழைய இடத்திலேயே கடை திறந்திருக்கிறார். மகளின் நிறைக்கு அரிசி என்றதும், அப்ப மகளையல்லோ தராசிலை வைக்கவேணும் என்று சிரித்தார். மகள் நோர்வேயிலை, கடுதாசியைத்தான் வைக்கலாம் என்றார் அப்பா. ஐம்பது கிலோ மூடை ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று வந்தது. இனிக் காணும்தானே என்றார் முத்தலிப் நானா. இன்னும் இருபத்தொரு கிலோ போடுங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு சாக்கை எடுத்தார். எல்லாம் நிறுத்து முடிய எனக்கு ஒரு யோசனை வந்தது. நீ எழுபதுக்கு வந்தால் போதும் என்று டொக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய் அல்லவா. மிச்சத்தைப் புறம்பாக வைத்துக் காட்டுங்கோ என்றேன். ஒரு முழு மூடையும் அதன்மேல் ஒரு கிலோப் பையும் தனியே வந்து நின்றன. அப்பா அந்த மூடையை முதுகில் ஏற்றி லான்ட்மாஸ்ரர் வண்டிக்குக் கொண்டுபோனார், பத்து அடி இருக்கும், அதற்குள் இளைத்துவிட்டார். இறக்கி வைத்துவிட்டு, இதோடையோ என்ரை பிள்ளை மூண்டு மாடி ஏறுறாள், இதோடையோ படுக்கிறாள் என்று கேட்டார். நான் அந்த மூடையின் மேலேயே இருந்து அழுதேன் மகள். கடை என்றும் பார்க்கவில்லை. முத்தலிப் நானா சோடா உடைத்துத் தந்தார், பிறகு, மூடையிலை இருக்காதேங்கோ அக்கா, நிறை கூடப்போகுது என்றார், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

பதின்மூன்றாம் திகதி கோயிலடியில் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். நாற்பது கிலோவைப் பாற்கஞ்சிக்குப் போட்டோம், நாலு கிடாரம். மிச்ச அரிசியைப் புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்குக் கொத்து வீதம் அளந்து கொடுத்தோம். சண்டை நின்று பாதை திறந்ததால் மாங்குளத்தில் இருந்துகூடச் சனம் வந்திருந்தது. ஆருடைய நேர்த்தி என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிள்ளை மெலிஞ்சிருந்தால் எங்களுக்கு ஆளுக்கு அரைச் சிரட்டைதான் கிடைச்சிருக்கும் என்று தங்கம்மா அகப்பையோடு நின்று கத்தினாள். நானும் மூன்று கோப்பை குடித்தேன். அப்பா எத்தனை என்று கேட்காதே.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் சிவலட்சுமியிடம் போய் எல்லாம் விசாரித்தேன், அவாவுக்கு இந்த ஒப்பரேசனைப் பற்றிப் புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான் தெரியுமாம், ஆனாலும் விளக்கமாகச் சொன்னா. ஒப்பரேசன் வேலையின் பாதியைத்தான் செய்யும், மிச்சப் பாதி உங்கடை மகளின்ரை கையிலை என்றா. பிறகு தேத்தண்ணிச் சாசர் அளவுதான் சாப்பாடாம், மென்று மென்று மெதுவாகச் சாப்பிடவேண்டுமாம், சாகும்வரை விற்றமின் குளிசை போடவேண்டுமாம், இனிப்பு உள்ளே போனால் தலை சுற்றி வியர்க்கவும் கூடுமாம், கொஞ்சக் காலத்துக்குப் பிள்ளை தங்கக்கூடாதாம். எதுவும் பிழைத்தால் திரும்ப வெட்டவேண்டி வருமா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், சீனி வருத்தத்துக்கு எவ்வளவு உதவும், இதையெல்லாம் டொக்டரிடம் வாய்விட்டுக் கேள், அவர் சலித்துக்கொண்டால் இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேள். கவலை வந்தால் குளிர்பெட்டியைத் திறக்கும் பழக்கம் உனக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லாதே, உன்னைப் பெற்றவள் நான். இரைப்பையை வெட்டலாம், அந்தப் பழக்கத்தை ஆர் வெட்டுவது? அதற்கும் அங்கே கதைக்க ஆட்கள் இருப்பார்கள், வெட்கப்படாமல் போ. நானும் குற்றவாளிதான், வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் பயற்றம்பணியாரம் கட்டி அனுப்பியவள் நான். இனி மிளகாய்த்தூள் மட்டும் வரும்.

என் மனதைக் கேட்டால் செய் என்றுதான் சொல்கிறது. ஆனால் என் மனது உன் வயிற்றுக்குள் இல்லை, வலியும் பசியும் உனக்குத்தான். அதனால் அம்மாவுக்காகச் செய்யாதே, அம்மாவுக்காக விடாதே. அந்தோனியாருக்குச் சேரவேண்டியதை ஒரு பிடி குறையாமல் கொடுத்துவிட்டேன், இனி உன் உடம்பில் எனக்கும் பங்கில்லை அவருக்கும் பங்கில்லை, முழுக்க உன்னுடையது. நீ ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அந்தப் படங்களை நான் ஊருக்குக் காட்டத்தான் போகிறேன்.

முத்தலிப் நானா நாளைக்குச் சாமான் எடுக்க வவுனியா போகிறார், கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடுகிறேன், அப்பாவின் பொக்கற்றை இனி நம்பமாட்டேன். மருமகனுக்கு எங்கள் அன்பு, பேரனுக்கு முத்தம். மாதா உன்னை நடத்துவா, அந்தோனியார் பக்கத்தில் நிற்பார், அப்பாவின் ஆசீரும் என் ஆசீரும் உன் தலையில் இருக்கும். ஒன்று மட்டும் மறந்துபோகாதே. இந்தமுறையும் ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன், ஆனால் நிறைக்கு வைக்கவில்லை, ஒருமுறை பட்டது காணும். நீ சுகமாய் வந்து உன் கையாலேயே கொளுத்த, உன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. எவ்வளவு மெலிந்தாலும் உயரம் குறையாதுதானே. திரியை இப்போதே செய்யக் கொடுக்கப்போகிறேன், ஆகையால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்று அளந்து, உன் உயரத்தை உடனே எழுது.

உன் அம்மா,
யா. அருளம்மா