செல்லூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்

எம். ரெட்டியபட்டி
10.11.1969

மகன் பூமிநாதனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் உன் அக்காள் சந்தனம்மாளும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் கஸ்தூரியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருச்சுழி திருமேனிநாதர் பார்த்துக்கொள்வார்.

மழை இந்த வருசமும் ஏய்த்துவிட்டது, பருத்தி முழங்காலுக்கு மேலே வளரவில்லை. பஞ்சுக் கம்பெனியில் உன்னைத் தை மாதம் மதுரைக்கு மாற்றுகிறார்கள், எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கலாம், போய்ப் பாருங்கள் என்று எழுதினாய். மதுரை மில்லில் இருக்கிற உன் மாமா கோட்டைச்சாமியைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். சிம்மக்கல் பக்கம் வாடகை அறுபது, உள்ளேயே குழாய் உண்டு, ஆனால் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூசு. மச்சான், இங்கன இருந்தா காலையில டிக்கெட் எடுத்துத்தான் உள்ள போகணும் என்றார் உன் மாமா. அடுத்தது பழங்காநத்தத்தில் கஸ்தூரியின் அப்பா பேசி வைத்த வீடு. வாடகை நாற்பத்தைந்து, நல்ல தண்ணீர்க் கிணறு, உன் கம்பெனிக்கு நடந்தே போகலாம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மா காப்பி கொடுத்து, யார் யார் வருவீக என்று கேட்டது. மகள் புருசனை இழந்து எங்களோடு இருக்கிறாள் என்றேன். வெள்ளி செவ்வாயில அந்தப் புள்ள முகத்துல முழிக்க முடியுமாய்யா, பின்வாசலோட பொழங்கிக்கிட்டா தாரேன் என்றது. நான் குடியிருக்கத்தான் வீடு பாக்க வந்தேன், எம்மகளை ஒளிச்சு வைக்க இல்லைத்தா என்று சொல்லிவிட்டு, காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இதை எழுதுகிற சந்தனம் இந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டாள். எழுது ஆத்தா என்று அதட்டித்தான் எழுத வைக்கிறேன். உன் கடிதத்தில், அக்காளை நரிக்குடியில் அவள் மாமியார் வீட்டில் விட்டுவிடலாம், இடமும் மிச்சம் என்று எழுதியிருந்தாயே, அதையும் அவள்தான் எனக்கு வாசித்துச் சொன்னாள். உனக்கு அது தெரியட்டும். நீ அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலையும் கையுமாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அந்த நரிக்குடி வீட்டில் மாட்டுக்கொட்டத்தில் படுக்க வைத்தார்கள் என்றுதான் நான் போய் அழைத்து வந்தேன், திரும்பக் கொண்டுபோய் விட மாட்டேன்.

செல்லூரில் வாடகை முப்பத்தைந்து. ஓட்டு வீடு, தெருக்குழாய், பக்கத்தில் பொழுதுக்கும் தறிச் சத்தம், உனக்கு ரெண்டு பஸ்ஸு மாற வேண்டும். வீட்டுக்காரர் காசிராஜனிடமும் மகளைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அதுக்கென்னய்யா, அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துருமா என்று மட்டும் கேட்டார். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சம்பந்தி கோவிச்சுக்கிருவாக, கஸ்தூரி முகம் சுளிப்பா, உங்க வீம்புக்கு ஊரே ஆடணுமா என்கிறாள் உன் அம்மா. வீம்பு என்றே இருக்கட்டும். பஸ்ஸு மாற உனக்குக் கால் இருக்கிறது.

இதற்கு மேல் சொன்னதைச் சந்தனம் எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இனி உள்ளது தபால்காரர் தனுஷ்கோடி கையெழுத்து. தை பிறந்ததும் புது வீட்டில் சந்தனம்தான் முதலில் உள்ளே போவாள், அவள்தான் பால் காய்ச்சுவாள். அந்தப் பாலைக் குடிக்க மனமிருந்தால் நீயும் கஸ்தூரியும் வாருங்கள். இல்லையென்றால் பழங்காநத்தத்து வீட்டை உனக்கு எடுத்துக்கொள், நாங்கள் மூன்று பேரும் செல்லூரில் இருப்போம். எங்கே இருந்தாலும் உன் பிள்ளைகுட்டி தழைத்திருக்க வேண்டும். குளிர்காற்றில் பிள்ளைக்குக் காதை மூடிக் கூட்டிவா. பதிலை அக்காள் பேருக்கே எழுது.

உன் அப்பா
பொன்னுச்சாமி
(கைநாட்டு)