இடது பெடல்

வீங்கிய உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே துர்காதேவி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘நீங்க’ என்று ஆரம்பித்தாள். அதை அடித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷன் சுரேஷ்பாபுவை ‘நீ’ போட்டு எழுதினாள்.

“ஹாட்பாக்ஸ்ல இட்லி வச்சிகீறேன். கட்டுப்போட்ட கையால துன்ன முடியாது, ஸ்பூன் பக்கத்துலயே கீது. நான் சைக்கிள்லதான் ஆபீசுக்குப் போறேன்.

ரோடு பைக்ல மவுண்டன் பைக் பெடல் மாட்டினா உன் சைக்கிள் க்ளப்காரங்க சிரிக்கறாங்களா? சிரிக்கட்டும். நீ வாங்கித் தந்த ரோடு ஷூவுல, பெடல்ல மாட்டற க்ளீட் அடியில துருத்திக்கினு நிக்கும். வடமாலபேட்டைல ரெண்டு பேரு ஹேண்டில்பாரைப் புடிச்சப்போ அதைப் போட்டுக்கினு ஓட முடியல, வழுக்கி வுழுந்தேன். மவுண்டன் பெடலுக்குன்னு நான் வாங்கின இந்த ஷூவுல க்ளீட் ரப்பருக்குள்ள அடங்கிக்கும். ஓடலாம். எட்டி மிதிக்கவும் செய்யலாம்.

நேத்து என்னை அறைஞ்சிட்டு, ரெண்டு பெடலையும் கழட்டி எறியறேன்னு ஸ்பேனரைத் தூக்கினே. எறிஞ்ச வலது பெடலைத் தேடி எடுத்துப் பூட்டிட்டேன். இடதுல ஸ்பேனர் வழுக்கி உன் விரலு கிழிஞ்சி கொட்டின ரத்தத்தையும் கழுவிட்டேன்.”

சைக்கிளோடு வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“இடது பெடல் எதிர்ப்பக்கம் சுத்துனாத்தான் கழலும். நீ இறுக்கிக்கினே இருந்தே. அப்பவே சொல்லியிருப்பேன். வாய் நெறைய ரத்தம் இருந்துச்சி.”